மலைப்பாதையில் டூட்டி

மலைக்குள் இருக்கும் அணைக்குளத்துக்குச் சாலை போட அரசாங்கம் பணம் ஒதுக்கியபோது, அமீரகத்தில் பாண்டித்துரையைப் போல் மகிழ்ந்தவர் யாரும் இருந்திருக்க முடியாது. பொதுமக்கள் வந்து பார்க்கட்டும் என்று பதினோரு கிலோமீட்டர் தார்ச்சாலை. அது முடியும் இடத்தில் குளத்தைச் சுற்றி நடைபாதை, இரும்புக் கைப்பிடி. கைப்பிடிக்கு நட்டு முடுக்குவது அவன் வேலை. பெருநாளுக்குள் திறந்தாக வேண்டும் என்று உத்தரவு வந்ததும் மற்றவர்கள் முணுமுணுத்தார்கள். அவன் மட்டும் ஓவர்டைம் கேட்டுப் போய் நின்றான். கிறுக்குப் பிடித்துவிட்டது என்று தொழிலாளர் கேம்பில் சிரித்தார்கள்.

கிறுக்கெல்லாம் இல்லை. அவன் மனைவி பஞ்சவர்ணம் பர் துபாயில், ஆபிதா என்ற கீழக்கரை அம்மாவின் வீட்டில் பிள்ளை பார்க்கிறாள். லீவு கிடையாது. ஒரே நாட்டில் இருந்தும் இருவரும் முகம் பார்த்துப் பதினான்கு மாதமாகிறது. புருஷன் இங்கேயே இருக்கிறான் என்றால் ஓடிவிடுவாள் என்று வீட்டுக்காரர்கள் பயப்படுவார்கள், ஊரில் இருப்பதாகச் சொல் என்று ஏஜெண்ட் சொல்லிக் கொடுத்திருந்தான் படுபாவி. இப்போது உண்மை தெரிந்தால் வேலை போகும், அடுத்த விமானத்தில் ஊருக்கு அனுப்பிவிடுவார்கள். புதுச் சாலையைப் பற்றி வீட்டுப் பிள்ளைகளின் காதில் ஓதி வைத்தவள் பஞ்சவர்ணம்தான். பெருநாளன்று வருகிறோம் என்று போன் செய்தாள்.

அன்று பாண்டித்துரை புதுச்சட்டை போட்டு, பவுடர் பூசி, குளத்து வாசலுக்குப் போனான். காவலாளி கையை நீட்டித் தடுத்தான்.

“பேச்சலர் மாஃபி, பாய். ஃபேமிலி ஒன்லி.”

தனியாக வரும் ஆண்களுக்கு அனுமதி இல்லையாம். ஃபேமிலி உள்ளே இருக்கிறது என்று எந்த வாயால் சொல்வது? கேம்புக்கு ஓடினான். சட்டையைக் கழற்றி எறிந்துவிட்டு, வேலைக்குப் போடும் எண்ணெய்க் கறை படிந்த கவராலை மாட்டிக்கொண்டு ஸ்பேனரோடு திரும்பினான். காவலாளி அவன் முகத்தைக்கூடப் பார்க்கவில்லை.

“டூட்டி? யல்லா, ஜல்தி!” என்று அவசரப்படுத்தி உள்ளே விட்டான்.

பஞ்சவர்ணம் இடுப்பில் குழந்தையோடு வந்துகொண்டிருந்தாள். ஆபிதா நாலடி முன்னால் நடந்தார். பாண்டித்துரை குனிந்து ஒரு நட்டை முடுக்கினான்.

“எளைச்சுட்டீக,” என்றாள் அவள், குளத்தைப் பார்த்தபடி.

“நீதான் எளைச்சுக் கெடக்க. வேளைக்குச் சாப்புடுறியா?” என்றான் அவன், நட்டைப் பார்த்தபடி.

அவள் அடுத்த கம்பிக்கு நகர்ந்தாள், அவனும் நகர்ந்தான். இறுகிக் கிடந்த நட்டுகளையே முடுக்கி முடுக்கி, மகளின் பள்ளிக்கூடம், ஓட்டு வீட்டின் ஒழுகல் என்று கம்பிக்கு ஒரு விஷயமாகப் பேசிக்கொண்டு போனார்கள். ஒரு கம்பியில் மட்டும் இரண்டு பேருக்கும் நகர மனம் வரவில்லை.

ஆபிதா திரும்பி நின்றார்.

“அந்த நட்ட மூணு வாட்டி முடுக்கியாச்சு. யாரு, ஒம் மாப்புளயா?”

“இல்லம்மா, நான் யாரோ,” என்றான் பாண்டித்துரை.

“ஆமாங்கம்மா,” என்றாள் பஞ்சவர்ணம், அதே நேரத்தில்.

ஆபிதா கையை நீட்டினார்.

“பொய் சொன்னதப் பொறவு பேசிக்கலாம். பிள்ளய இங்க குடு. ரெண்டு பேரும் ஒரு சுத்து போய்ட்டு வாங்க. மெள்ளவே வாங்க.”

பாண்டித்துரை ஸ்பேனரைக் கீழே வைத்துவிட்டு, மனைவியை நிமிர்ந்து பார்த்தான்.