மயங்கியவள் பேசக் கூடாது

எப்படிப் பெயில் ஆவது என்று சின்னவள் முடிவு செய்துவிட்டாள். கூடை உத்திரத்தில் லேசாக உரசினால் போதும். 'தொட்டா முடிஞ்சது கதை, அடுத்த மாசம் வா' என்று மாஸ்டர் காலையிலிருந்து அதையே பாடிக்கொண்டிருந்தார். அந்த ஒரு உரசல்தான் தனக்கு இருக்கிற ஒரே கதவு என்று அவளுக்குப் பட்டது.

வீட்டில் கடைசியாகப் பிறந்ததால் சின்னவள் என்ற பெயரே அவளுக்கு நிலைத்துவிட்டது. பதினெட்டு முடிந்ததும் முடியாததுமாக அண்ணன் அவளை இந்தப் பயிற்சி ஷெட்டுக்கு இழுத்துக்கொண்டு வந்திருந்தான். அவனுக்கு பூம் லிஃப்ட் ஓட்டுகிற வேலை. வண்டி, வண்டியின் மேல் நீளமான இரும்புக் கை, அந்தக் கையின் நுனியில் ஆள் நிற்க ஒரு கூடை. அதில் ஏறிக் கிடங்குகளின் கூரையில் விளக்கு மாட்டுவான், பெரிய கடைகளின் நெற்றியில் பெயர்ப்பலகை பொருத்துவான். அவனோடு மாறி மாறி ஏறிக்கொண்டிருந்த ஆள் வேறு கம்பெனிக்குத் தாவிவிட்டான். ஒருவர் மேலே போனால், இறக்கத் தெரிந்த இன்னொருவர் கீழே நிற்க வேண்டும்; ஜோடி இல்லாதவனுக்கு மெஷின் கிடையாது. இருவர் கையிலும் லைசென்ஸ் கார்டு இருக்க வேண்டும்.

"வெளியாளை எதுக்குத் தேடணும்? வீட்லயே ஒருத்தி ஃபோனைத் தேச்சுக்கிட்டு உட்கார்ந்திருக்காளே" என்று சோற்றைப் பிசைந்தபடி அண்ணன் சொன்னான். அப்பா தலையை ஆட்டினார். அவ்வளவுதான். மறுநாளே அம்மா பக்கத்து வீட்டில் 'எங்க சின்னவளுக்கு வேலை கிடைச்சிருச்சு' என்று சொல்லிவிட்டு வந்தாள். அவளை மட்டும் யாரும் கேட்கவில்லை.

உயரம் என்றாலே அவளுக்குப் பயம். மொட்டை மாடியில் துணி காயப்போடப் போனால் சுவர் ஓரமாக இருக்கிற கொடியை விட்டுவிட்டு நடுவில் இருக்கிற கொடியிலேயே எல்லாவற்றையும் திணித்துவிட்டு ஓடி வந்துவிடுவாள். இதை அண்ணியிடம் மட்டும் ஒருநாள் வாய்விட்டுச் சொன்னாள். அண்ணி குழந்தையின் முதுகைத் தட்டிக்கொண்டே, "எல்லாருக்கும் முதல்ல அப்படித்தான் இருக்கும். உங்க அண்ணன்கிட்ட மட்டும் சொல்லிடாத. அவரே தூக்கமில்லாமத் திரியுறாரு" என்றாள். அந்த வாசலும் அப்படி அடைபட்டுப்போயிற்று.

மாட்டேன் என்று சொன்னால் திமிர். பயமாக இருக்கிறது என்று சொன்னால் கேலி. பெயில் ஆகிவிட்டால் யார் என்ன சொல்ல முடியும்? பாவம், முயற்சி பண்ணினா, வரல. அது போதும் அவளுக்கு.

அன்று ஷெட்டில் பரீட்சைக்கு மிச்சமிருந்தவர்கள் இரண்டே பேர், அவளும் பெயிண்டர் அக்காவும். பெயிண்டர் அக்காவுக்கு அம்மா வயதிருக்கும். ஏணியிலும் சாரத்திலும் நின்றே பாதி ஆயுளைக் கழித்தவள். இனிமேல் ஏணி கூடாது, கார்டு எடுத்துக்கொண்டு வா என்று கம்பெனி அனுப்பியிருந்தது. விரல் நகங்களில் மூன்று நிற பெயிண்ட். பேச ஆரம்பித்தால் நிறுத்த மாட்டாள்.

"என்ன பாப்பா, மூஞ்சி வெளுத்துப் போயிருக்கு? சுண்ணாம்பு அடிச்ச மாதிரி."

"ஒண்ணுமில்லக்கா."

"பயமா இருந்தா மேல பாரு. கீழ பாக்காத. நான் முதல் நாள் ஏணி ஏறுனப்போ கண்ணை மூடிக்கிட்டே பாதி சுவருக்குப் பெயிண்ட் அடிச்சேன். பக்கத்து வீட்டுச் சுவரு அது."

சின்னவளுக்குச் சிரிப்பு வரவில்லை. வாசலில் ஒரு பெயிண்ட் டப்பாவைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்திருந்த அண்ணன்தான் சிரித்தான். வேலைக்குப் பாதி நாள் லீவு போட்டுவிட்டுத் தங்கை கார்டு வாங்குவதைப் பார்க்க வந்திருந்தான்.

ஷெட்டின் நடுவில் இரண்டு இரும்பு உத்திரங்கள் குறுக்கே நின்றன. ஒன்று உயரத்தில்; இன்னொன்று அதற்குக் கீழே, வண்டி நிற்கிற பக்கமாகத் தள்ளி. கீழ் உத்திரத்துக்கு மேலாக இரும்புக் கையை நீட்டி, மேல் உத்திரத்தில் தட்டாமல் கூடையை அடியில் நுழைத்து, அந்தப் பக்கம் தொங்குகிற கொக்கியில் ஒரு விளக்கை மாட்ட வேண்டும். மாட்டிய பிறகு மேலே இருப்பவர் மயங்கி விழுந்ததுபோலக் கம்பியில் சாய வேண்டும். கீழே இருப்பவர் வண்டியில் இருக்கிற விசைகளைக் கொண்டு பத்திரமாக இறக்க வேண்டும். இதுதான் பரீட்சை.

"மயங்குனவங்க பேச மாட்டாங்க" என்றார் மாஸ்டர். தொப்பை முன்னால் போக, விசில் கழுத்தில் ஆட, நடந்துகொண்டே பேசுகிற ஆள். "கீழ இருந்து என்ன கூப்பிட்டாலும் வாயைத் திறக்கக் கூடாது. போன வாரம் ஒருத்தன் மயக்கத்துல இருந்துக்கிட்டே 'மாஸ்டர், எனக்கு மூக்கு அரிக்குது'ங்குறான். பெயில் போட்டேன். அப்புறம், மேலருந்து எதுவும் கீழ விழக் கூடாது. ஸ்குரூ விழுந்தாலும் பெயில்தான்."

கீழே நிற்பவருக்கு இன்னொரு வேலை உண்டு. மேலே இருப்பவர் செய்கிற ஒவ்வொரு அசைவையும் பார்த்து உரக்கக் கூவ வேண்டும். தூக்கு, திருப்பு, நீட்டு. கடைசியாகச் செய்தது எதுவோ அதைத்தான் இறக்கும்போது முதலில் திருப்பிச் செய்ய வேண்டும். நீட்டியிருக்கிற கையை உள்ளே இழுக்காமல் அப்படியே தாழ்த்தினால், கை கீழ் உத்திரத்தின் மேல் உட்கார்ந்து, கூடை குடை சாய்ந்துவிடும்.

சின்னவள் தோள் பெல்ட்டை மாட்டினாள். கொக்கியைக் கூடையின் வளையத்தில் போட்டாள். இழுத்துப் பார்த்தாள். இடது கையில் விளக்கு. காலால் பெடலை மிதித்துக்கொண்டே கைப்பிடியைத் தள்ளினால்தான் மெஷின் அசையும். காலை எடுத்தால் நிற்கும். மிதித்தாள்.

"தூக்கு" என்று பெயிண்டர் அக்கா கூவினாள், காய்கறி விற்கிறவள் போல ராகம் போட்டு.

தரை போய்விட்டது. கூடை மெல்ல ஆடியது. முதுகுத்தண்டில் ஊறிய வேர்வை இடுப்பு பெல்ட்டில் போய்த் தேங்கியது. மாஸ்டரின் வழுக்கை ஒரு எலுமிச்சம்பழம் அளவுக்குச் சுருங்கியது. பார்க்காதே, பார்க்காதே.

"திருப்பு..."

மாஸ்டரின் ஃபோன் அடித்தது. அவர் முதுகைக் காட்டிக்கொண்டு, "ஆமா, நாளைக்கு ரெண்டு வண்டி வேணும்" என்று யாரிடமோ பேசத் தொடங்கினார்.

"நீட்டு..."

மேல் உத்திரம் நெருங்கி வந்தது. துருவின் வாசம் மூக்கில் ஏறியது. இப்போதுதான் உரச வேண்டும். எவ்வளவு இடைவெளி இருக்கிறது என்று தெரியவில்லை. கூடையின் முன்விளிம்பில் கைப்பிடிகள் இருக்கிற பேனலின் மேலாக முன்னால் குனிந்து, கழுத்தைத் திருப்பி எட்டிப் பார்த்தாள். கொஞ்சம், இன்னும் கொஞ்சம்.

உத்திரம் கூடையைத் தொடவில்லை. அவள் முதுகைத் தொட்டது.

பயந்தால் கால் தானாகத் தூக்கிக்கொள்ளும் என்றுதான் நினைத்திருந்தாள். தூக்கவில்லை. பயந்தால் கால் ஊன்றுகிறது. அவள் நெஞ்சு கைப்பிடியை முன்னால் தள்ள, கால் பெடலை அழுத்த, மெஷின் சொன்ன பேச்சைக் கேட்கிற பிள்ளையாக இன்னும் நீண்டது. காலைப் பிடுங்கி எடுப்பதற்குள் முதுகின் மேல் உத்திரம், நெஞ்சுக்கு அடியில் பேனல் என்று அவள் நடுவில் மாட்டிக்கொண்டாள். மெஷினை நிறுத்துகிற சிவப்புப் பொத்தான் வயிற்றுக்கு அடியில் எங்கோ இருந்தது. உள்ளே இழுக்கிற கைப்பிடியும் அங்கேதான். வலது கை பேனலுக்கும் விலாவுக்கும் நடுவில் மடங்கிக் கிடந்தது. மூச்சு பாதி தூரம் போய் முட்டிக்கொண்டு திரும்பி வந்தது.

கத்த வேண்டும் என்றால் காற்று வேண்டும். காற்று இல்லை.

"ஓ, மயங்கியாச்சா?" மாஸ்டர் ஃபோனைப் பைக்குள் போட்டுக்கொண்டே அண்ணாந்து பார்த்தார். "சபாஷ். இப்படித்தான் சாயணும். பாருங்கம்மா, எவ்வளவு தத்ரூபமா இருக்கு."

"விளக்கை இன்னும் மாட்டவே இல்லையே மாஸ்டர்" என்றாள் பெயிண்டர் அக்கா.

"பதட்டத்துல வரிசையை மறந்திருப்பா. பரவால்ல, மார்க் குறைச்சுக்கலாம். நீங்க உங்க வேலையைப் பாருங்க."

"சினிமாவுல சேர்த்திருக்கலாம் இவளை" என்று வாசலிலிருந்து அண்ணன் சொன்னான். "வீட்ல பாத்திரம் தேய்க்கச் சொன்னாலும் இப்படித்தான் மாஸ்டர் சாய்வா."

மூவரும் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பு கீழேயிருந்து ஏறி அவள் காதுக்கு வந்தது. கண்ணோரத்தில் ஒரு துண்டுத் தரை தெரிந்தது. அதில் அண்ணன் கால் மேல் கால் போட்டு உட்கார்ந்திருந்தான். அண்ணா என்று சொல்லிப் பார்த்தாள். உதடு மட்டும் அசைந்தது.

"கண்ணு, நல்லா இருக்கியா?" என்று பெயிண்டர் அக்கா கேட்டாள்.

"பதில் வராதும்மா. வந்தா பெயில். பேசிக்கிட்டே நிக்காதீங்க, தாழ்த்துங்க."

தாழ்த்துங்க. அவர் பார்க்கவில்லை. அவள் கடைசியாக நீட்டியதை அவர் பார்க்கவே இல்லை. தாழ்த்தினால் கை கீழ் உத்திரத்தில் உட்காரும், கூடை சாயும், சாய்கிற கூடைக்கும் மேலே இருக்கிற இரும்புக்கும் நடுவில் அவள் இருப்பாள். அந்தப் படம் மாஸ்டர் காலையில் பலகையில் சாக்பீஸால் வரைந்து காட்டியது. குச்சி மனிதன். அவன் மேல் ஒரு பெருக்கல் குறி.

அப்போதுதான் அவளுக்குத் தெரிந்தது, இடது கை கம்பிக்கு வெளியே தொங்கிக்கொண்டு விளக்கை இன்னும் இறுகப் பிடித்திருந்தது. பெயில் ஆகத்தான் ஏறி வந்தாள். அப்படியிருந்தும் எதுவும் கீழே விழக் கூடாது என்று சொன்னதற்குக் கட்டுப்பட்டு விரல்கள் மூடிக்கிடந்தன. ஒவ்வொரு விரலாகச் சொல்லித் திறக்க வேண்டியிருந்தது.

விளக்கு காலித் தரையில் விழுந்து சிதறிய சத்தத்தில் ஷெட்டே நின்றது.

"யோவ், அது நடிப்பு இல்லய்யா" என்றாள் பெயிண்டர் அக்கா. மாஸ்டர் என்ற மரியாதையெல்லாம் விளக்கோடு சேர்ந்து உடைந்துபோயிற்று.

அண்ணன் டப்பாவை உதைத்துத் தள்ளிவிட்டு ஓடி வந்தான். வந்த வேகத்தில் விசையில் கை வைக்கப் போனான். பெயிண்டர் அக்கா அவன் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள்.

"விடுங்கக்கா, நான் இதுல பத்து வருஷம்..."

"நீ பாத்தியா? பாக்கல. இவரும் பாக்கல. கடைசியா பாப்பா என்ன பண்ணுனான்னு கூவுனது நான். தள்ளி நில்லு தம்பி."

"தாழ்த்துனா போதும்மா, சீக்கிரம்" என்றார் மாஸ்டர். குரல் கிழிந்திருந்தது.

"நீட்டுனா. அதனால இழுக்கணும்." கையை வைத்தாள். "பாப்பா, இழுக்குறேன். உள்ள" என்று மேலே பார்த்து அதே ராகத்தில் கூவினாள்.

இரும்பு முனகியது. முதுகின் மேல் இருந்தது ஒரு நூல் நகர்ந்தது. பிறகு ஒரு விரல். காற்று உள்ளே வந்தது, வலியோடு. கூடை பின்வாங்கி உத்திரத்தை விட்டு விலகியதும், "தாழ்த்துறேன்" என்ற குரல் கேட்டது. தரை திரும்பி வந்தது. அவளால் கொக்கியைக் கழற்ற முடியவில்லை. அண்ணன்தான் கழற்றினான்.

*

மாஸ்டர் அவர்களை ஆபீஸ் அறைக்குக் கூட்டிக்கொண்டு போய் உட்காரவைத்துத் தண்ணீர் கொடுத்தார். விலாவைத் தொட்டுப் பார்க்கச் சொன்னார். மூச்சை இழுத்துவிடச் சொன்னார். முதுகில் தோல் உரிந்திருந்தது, எலும்புக்கு ஒன்றும் இல்லை போலிருந்தது.

"சாயங்காலம் டாக்டர்கிட்ட காட்டிடுங்க. ஒண்ணுமில்ல, சிராய்ப்புதான்" என்றார். அப்புறம் கதவைச் சாத்தினார். "இங்க பாருங்க. நடந்தது நடந்துபோச்சு. வெளிய போனா எனக்கும் கஷ்டம், ஷெட்டை இழுத்து மூடிடுவாங்க. உங்களுக்கும் இந்த வருஷம் கார்டு வராது. பயிற்சிதானே நடந்துச்சு? இறக்கிட்டோம்தானே? ரெண்டு பேருமே பாஸ்."

மூலையில் நீலத் துணிக்கு முன்னால் ஒரு ஸ்டூல் இருந்தது. எதிரே கார்டுக்குப் படம் எடுக்கிற கேமரா. மாஸ்டர் அதன் விளக்கைப் போட்டார்.

"உட்காரும்மா. முடியை ஒதுக்கிக்க."

சின்னவள் ஸ்டூலைப் பார்த்தாள். உத்திரத்தைத் தொட்டாயிற்று, விளக்கை உடைத்தாயிற்று, இதற்கு மேல் ஒருத்தி எப்படித்தான் பெயில் ஆவது? அண்ணன் அவள் தோளில் கை வைத்தான். அவன் முகத்தில் இரத்தம் திரும்பியிருந்தது.

"போய் உட்காரு. அடுத்த தடவை நான்தானே கீழ நிப்பேன். எவன் ஃபோன் பண்ணினாலும் எடுக்க மாட்டேன்."

அடுத்த தடவை. அது இந்த அறையிலிருந்தே தொடங்கி ஒவ்வொரு காலையிலும் வரப்போகிறது. உட்கார்ந்துவிட்டால் தினமும் துருவின் வாசம்.

"நான் வேணும்னே தொடப் போனேன்" என்றாள்.

"என்ன?"

"உத்திரத்தை. பெயில் ஆகணும்னுதான் கிட்ட போனேன். எட்டிப் பார்த்தேன், மாட்டிக்கிட்டேன். எனக்கு மேல போகப் பயம்ணா. முதல்லருந்தே."

அண்ணனின் கை தோளிலிருந்து எடுபட்டது.

"பைத்தியமாடி உனக்கு? செத்திருப்ப. இதை வாயால சொல்ல வேண்டியதுதானே?"

"யார்கிட்ட சொல்றது? நீ சோத்தைப் பிசைஞ்சுக்கிட்டே முடிவு பண்ணிட்ட. அம்மா ஊருக்கே சொல்லிட்டா."

பெயிண்டர் அக்கா சன்னலைப் பார்த்துக்கொண்டு நகத்திலிருந்த பெயிண்டைச் சுரண்டினாள். மாஸ்டர் இருமினார்.

"ஏம்மா, பயமெல்லாம் போகப் போகச் சரியாயிடும். உட்காரு. நீ பாஸ் இல்லன்னா ஏன் இல்லன்னு நான் காரணம் எழுதியாகணும். புரியுதா?"

"எழுதுங்க மாஸ்டர்."

"என்னன்னு எழுதுறது?"

"விளக்கைக் கீழ போட்டேன்னு எழுதுங்க. ஏன் போட்டேன்னும் எழுதுங்க."

கேமராவின் விளக்கு காலி ஸ்டூலின் மேல் எரிந்துகொண்டிருந்தது. அண்ணன் பையை எடுத்துத் தோளில் மாட்டினான். கதவைத் திறந்தான்.

"என் ஜோடிக்கு நான் எங்க போவேன்? வீட்ல நீயே சொல்லிக்க. நான் வாயைத் திறக்க மாட்டேன்."

"சொல்லிக்கிறேன்" என்றாள் சின்னவள்.

விலா ஒவ்வொரு மூச்சுக்கும் குத்தியது. அப்பா என்ன சொல்வார், அம்மா பக்கத்து வீட்டில் என்ன சொல்வாள் என்று நினைக்கும்போதே கூடை மறுபடி ஆடியதுபோல இருந்தது. ஆனால் மூச்சு முழுதாக உள்ளே போய் வந்தது. அண்ணன் வேகமாக முன்னால் நடந்தான். வண்டி நிறுத்தம் வரை திரும்பியே பார்க்கவில்லை. அங்கே போய் நின்று, ஹெல்மெட்டை அவளிடம் நீட்டினான்.

"மெதுவா ஏறு" என்றான். "முதுகு வலிக்குமில்ல."