இல்போ கொண்டுவந்த வால்ட்ஸ்

மகள் அலீசாவின் கல்யாணத்தில் இல்போவுக்கு ஒரே ஒரு வேலைதான் கொடுத்திருந்தார்கள். மணமக்கள் ஜோடியாக ஆடும் வால்ட்ஸ் நடனத்துக்கு இசையைக் கொண்டுவர வேண்டும். இறந்துபோன அவர் மனைவி தூலிக்கி அக்கார்டியன் வாத்தியத்தில் வாசித்த பதிவு அது. அம்மா வாசித்ததற்குத்தான் ஆடுவேன் என்று அலீசா சொல்லியிருந்தாள்.

தம்பெரே நகரத்தில் கணினி நிரல் எழுதிப் பிழைக்கும் இல்போ அந்த வேலையையும் கொள்கையோடு செய்தார். காப்புரிமை பிடித்த எம்பி3 ஆகாது என்று, யாருக்கும் சொந்தமில்லாத 'ஓக்' என்ற ஒலி வடிவத்தில் கோப்பு. பென்டிரைவைக்கூட லினக்ஸ் கணினிக்கு மட்டும் புரிகிற மாதிரி ஃபார்மட் செய்திருந்தார். இருபது வருடமாக இப்படித்தான். கேட்டவர்களுக்கும் கேட்காதவர்களுக்கும் காரணம் சொல்லுவார்.

மண்டபத்துக் கணினியில் இருந்தது விண்டோஸ். அதன் முன்னால் உட்கார்ந்திருந்தவர் மாப்பிள்ளையின் அப்பா கௌகோ, டிராக்டர் மெக்கானிக்.

"சம்பந்தி, கம்ப்யூட்டருக்கு உங்க பென்டிரைவ் புரியலையாம். ஃபார்மட் பண்ணட்டுமான்னு கேட்டுச்சு. சரின்னுட்டேன்."

"சரின்னுட்டீங்களா?"

"மரியாதையாத்தானே கேட்டுச்சு."

பென்டிரைவில் இருந்த பாட்டு அழிந்துபோயிருந்தது. திட்ட வாயெடுத்த இல்போவுக்கு, திட்டு வாங்க வேண்டிய ஆள் தான்தான் என்று உடனே உறைத்தது. வீட்டுக்குப் போய்வர ஒன்றரை மணி நேரம். இங்கே காபி குடித்தாயிற்று, கேக் வெட்டியாயிற்று, ஜோடி நடுக்கூடத்தில் நிற்கிறது. உலகத்தைத் திருத்தக் கிளம்பிய மனிதருக்கு ஒரு பாட்டுப் போட வக்கில்லை. மகளிடம் போய் உள்ளதைச் சொன்னார்.

அலீசா கோபிக்கவில்லை. தன் போனை எடுத்து அதில் ஒலிபெருக்கி வயரைச் செருகினாள். தூலிக்கியின் அக்கார்டியன் கூடம் முழுக்கக் கேட்டது. ஜோடி ஒரு சுற்று ஆடியதும், மணப்பெண்ணோடு ஆட அப்பாவின் முறை வந்தது. ஆடிக்கொண்டே இல்போ கேட்டார்:

"உங்கிட்ட எப்படி இது?"

"எம்பி3யா மாத்தி வச்சிருக்கேம்பா, பதினாலு வயசுலேர்ந்து. உங்க கோப்பு எதுவும் என் போன்ல பாடாதே."

"எங்கிட்ட சொல்லலையே."

"சொன்னா ஒரு மணி நேரம் பேசுவீங்க. அந்தக் காப்புரிமையெல்லாம் முடிஞ்சும் வருஷக்கணக்காச்சு."

அது இல்போவுக்குத் தெரியும். தெரிந்தும் கொள்கையை விடவில்லை, வீம்புதான்.

"அம்மா இறந்துபோன அந்த வருஷம் தினம் இதைக் கேட்டுத்தான் தூங்குவேன்," என்றாள் அலீசா.

அந்த வருடம் பக்கத்து அறையில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு அவரும் இதையேதான் கேட்டுக்கொண்டிருந்தார். நடுவில் இருந்தது ஒரு சுவர். வெட்கமாக இருந்தது, அழுகையும் வந்தது.

பாட்டு முடிந்தது. இல்போ மகளின் கையை விடவில்லை.

"இன்னொரு தடவை போடு. சேர்ந்து கேக்கலாம்."