முதுகில் ஊறிய மருந்து

செம்பட்டிப் பக்கம் கத்தரித் தோட்டத்துக்குக் கஞ்சி கொண்டுவந்த பேச்சியம்மாள், புருஷன் வரப்பில் குப்புற விழுந்து கிடப்பதைக் கண்டாள். பூச்சிமருந்தடிக்கிற பித்தளை மெஷின் இன்னும் முதுகில்தான் இருந்தது. தூக்குச்சட்டியைப் போட்டுவிட்டு ஓடிப்போய் அவனைப் புரட்டினாள். தண்டாயுதபாணியின் வாயோரம் எச்சில் நுரையாக வழிந்தது. மூச்சில் மருந்து நெடி குப்பென்று அடிக்க, அவள் ஐயோ என்று அலறினாள்.

காலையில் நடந்த கூத்து தெருவுக்கே தெரியும். மெஷின் மூடியில் ரப்பர் வாசர் நைந்துவிட்டது, குனிந்தால் மருந்து ஒழுகுகிறது, மாற்றிவிட்டு அடி என்று அவளும் எத்தனை நாளாகச் சொல்கிறாள்! மனுஷன் காதில் வாங்கினால்தானே. பொறுக்கமாட்டாமல், "உன்னையக் கட்டுனதுக்கு நான் கெணத்துல விழுந்திருக்கலாம்" என்று கத்திவிட்டாள்.

அவனாவது வாயை மூடினானா? "நீ எதுக்கு விழுகணும்? நான் இந்த மருந்தக் குடிச்சிட்டுப் போறேன், நிம்மதியா இரு" என்றான்.

அந்தக் கோபத்திலும் அவளுக்கு மனசு கேட்கவில்லை. ஒழுகல் மேலில் படாதிருக்கப் பழஞ்சேலையை நாலாக மடித்து, மெஷினுக்கும் முதுகுக்கும் நடுவே மெத்தையாக வைத்துக் கட்டிவிட்டாள்.

பக்கத்துத் தோட்டத்துச் சங்கிலி சத்தம் கேட்டு ஓடிவந்தான். "குடிச்சிட்டானா பாவிப்பய. சொல்லிட்டுத்தான வந்தான்" என்றவன், கஞ்சிக்கு வைத்திருந்த உப்பைத் தண்ணீரில் கரைத்து அவன் வாயைப் பிளந்து ஊற்றப்போனான். "வாந்தி எடுத்தாத்தான் பொழைப்பான். தாடையப் பிடி ஆத்தா."

அவளும் பிடிக்கத்தான் போனாள். முதலில் மெஷினைக் கழற்றுவோம் என்று வாரை அவிழ்த்தபோது கை சொதசொதவென்று நனைந்தது. அவள் கட்டிய சேலை மருந்தைக் குடித்துக் குடித்து ஊறிப் போயிருந்தது. சட்டையும் முதுகோடு ஒட்டிக் கிடந்தது. அட கடவுளே, இத்தனை நேரமும் விஷத்தை அல்லவா அவன் முதுகில் கட்டிவைத்திருக்கிறாள்!

"ஊத்தாதீங்கண்ணே. நெனவில்ல, பொரையேறிரும். மொதல்ல மேலக் கழுவணும்."

"குடிச்சவனக் குளிப்பாட்டுறியா? புத்தி கெட்டுப் போச்சா ஒனக்கு?"

வாயில் அடித்த நெடியை அவள் மறக்கவில்லை. குடித்தே இருந்தால் இந்தத் தண்ணீரால் என்ன பிரயோசனம்? வீணாகும் ஒவ்வொரு நிமிஷமும் அவன் உயிர். ஆனாலும் சட்டையைக் கிழித்தாள். பம்புசெட் தண்ணீர் ஓடிய வாய்க்காலுக்கு இழுத்துப்போய் முதுகிலும் கையிலும் வாரி வாரி ஊற்றினாள். சங்கிலி திட்டிக்கொண்டே ரோட்டுக்கு ஓடி, தக்காளி ஏற்றிப் போன வேனை மறித்தான்.

திண்டுக்கல் பெரிய ஆஸ்பத்திரியில் டாக்டர் கேட்டார். "குடிச்சாரா?"

"தெரியலைங்கய்யா. முதுகெல்லாம் மருந்து. கழுவித்தான் கொண்டாந்தேன்."

"அது நல்லதாப் போச்சு" என்று சொல்லி உள்ளே கொண்டுபோனார். ஊசிமேல் ஊசியாகப் போட்டார்கள். அவள் சுவரோரம் உட்கார்ந்து, தெரிந்த சாமியையெல்லாம் கூப்பிட்டாள்.

பொழுது சாய்கிற நேரத்தில் அவன் கண்ணைத் திறந்தான். அவள் காதருகே குனிந்தாள். "குடிச்சியாய்யா?"

"இல்ல. மருந்து பீச்சுற நாசில் அடைச்சிருச்சு. வாயில வச்சு ஊதுனேன்."

அவளுக்கு உயிர் திரும்பி வந்தது. கண்ணைத் துடைத்துக்கொண்டாள். அவன் இன்னும் என்னவோ சொல்ல வாயெடுத்தான்.

"மொதல்ல மருந்து டப்பா மூடியத் தொறந்துட்டேன் பேச்சி. செத்த நேரம் கையிலயே வச்சிருந்தேன். பெறகு பாத்தா, செடியெல்லாம் அடிக்காமக் கெடக்கு. சரின்னு மெஷினத் தூக்குனேன்."

பேச்சியம்மாள் அவன் கையைப் பிடித்துக்கொண்டாள். காலையில் தான் கத்திய வார்த்தை நினைவுக்கு வந்தது. அப்போது வாசலில் பூட்ஸ் சத்தம் கேட்டது. போலீஸ்காரர் கட்டிலருகே வந்து நின்றார். மருந்து குடித்த கேஸ் என்று ஆஸ்பத்திரியிலிருந்து சேதி போனால் அவர்கள் வராமல் இருப்பார்களா?

"என்னய்யா, மருந்தக் குடிச்சியா?"

தண்டாயுதபாணி உதட்டைப் பிரிப்பதற்குள் அவள் எழுந்து குறுக்கே நின்றாள்.

"அவரு வேலை செஞ்சாருங்கய்யா" என்றாள். "வேலைதான் செஞ்சாரு."