சூடுகாற்றுக் குழாய்க்குக் கீழே

சலவைக்கடையின் பக்கச் சந்தில், துணி காய வைக்கும் இயந்திரத்தின் சூடுகாற்று ஒரு குழாய் வழியாக வெளியே வரும். ஊரே பனியில் விறைத்துக் கிடந்தாலும் அந்தக் குழாய்க்குக் கீழே மட்டும் ஓர் ஆள் உட்காரும் அளவுக்குத் தரை வெதுவெதுப்பாக இருக்கும். வீடு வாசல் இல்லாத ஒரு பெண் மூன்று குளிர்காலமாக அங்கேதான் கிடந்தாள். அவள் கோட்டு எப்போதும் உப்பலாக இருக்கும். அதனால் அவளுக்கு மூட்டை என்று பெயர்.

கடைக்காரரின் மனைவிக்கு அவளைக் கண்டாலே ஆகாது.

"இருக்க இடம் குடுத்தா படுக்கப் பாய் கேக்குற கூட்டம். அந்த இடத்துல தினம் ரெண்டு வாளி தண்ணி ஊத்து. எப்படி உக்காருறான்னு பாக்குறேன்" என்று நாத்தனாரிடம் சொன்னாள்.

நாத்தனாருக்குச் சுருக்கென்றது. புருஷன் செத்து, ஒரே ஒரு பெட்டியோடு அண்ணன் வீட்டுக்கு அவள் வந்த அன்று, அண்ணி கதவுக்குப் பின்னால் சொன்னதும் இதே பழமொழிதான். நான்கு வருஷமாகக் கடையின் பின்னறையில், சோப்புத்தூள் பீப்பாய்களுக்கு நடுவே படுத்துக்கொண்டு, பொழுதெல்லாம் துணி போட்டு எடுக்கிறாள்.

ஆனாலும் உண்மையைச் சொல்லிவிட வேண்டும். அவள் மனதார ஊற்றினாள். மூட்டையைப் பார்க்கும்போதெல்லாம் முகத்தைத் திருப்பிக்கொள்வாள். அண்ணி ஒரு வார்த்தை சொன்னால் நாளைக்குத் தானும் தெருவில்தான் என்று தெரியும். அந்தப் பயத்தை அருவருப்பு என்று சொல்லிக்கொண்டாள்.

"எந்திரி. வேற எங்கயாவது போய்ச் சாவு!"

மூட்டை அசையவில்லை. "ஊத்து தாயே. உனக்கும் ஒருத்தி ஊத்துவா."

இரண்டாவது வாளியை மூட்டையின் கால்மேலேயே கொட்டினாள்.

அதன் பிறகு மூட்டை எதிர்ப்பக்கம், பூட்டிக் கிடந்த கடையின் படிக்கு மாறிவிட்டாள். வாளித் தண்ணீர் மட்டும் நிற்கவில்லை. இயந்திரம் ஓடும்போது ஈரம், நின்றால் பனிக்கட்டி.

பத்தாம் நாள் துணி காயவில்லை. கடைக்குள் புழுக்கம் மூச்சை முட்டியது. நேரத்தைக் கூட்டி ஓட்டியதில் ஒரு விடுதியின் படுக்கை விரிப்புகள் மொத்தமும் பழுப்பாகக் கருகி வெளியே வந்தன. மெக்கானிக் வந்து வெளிக்குழாயைப் பார்த்தார். எலி புகாமலிருக்க அதன் வாயில் போட்ட கம்பிவலையில், துணியிலிருந்து உதிர்ந்த பஞ்சு மெத்தை கணக்காக அடைத்திருந்தது.

"இதை யாரு சுத்தம் பண்றது?"

உள்ளே இருக்கும் சல்லடையைத் தட்டினால் போதும் என்றுதான் இத்தனை வருஷமும் இருந்தார்கள்.

"தினம் ஒரு கை எடுக்கணும்ங்க. இதுவரைக்கும் யாரோ எடுத்திருக்காங்க. இல்லன்னா கடை என்னைக்கோ எரிஞ்சிருக்கும்."

நாத்தனாருக்குப் பளிச்சென்று விளங்கியது. அந்த உப்பிய கோட்டு! "மூட்டைதான் அண்ணி. குளிருக்கு உள்ள அடைச்சுக்க எடுத்திருக்கா. காலர்ல பஞ்சு எட்டிப் பாக்குறதை நானே பாத்திருக்கேன்."

வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டாள்.

"பாத்தியா? பாத்துட்டும் சொல்லலையா? ஒண்ட வந்த பிடாரி ஊர்ப் பிடாரிய விரட்டுச்சாம்! என் கடையையே கொளுத்தப் பாத்திருக்கியே!"

தண்ணீர் ஊற்றச் சொன்னது யார் என்று அவள் கேட்கவில்லை. அண்ணன் முகத்தைப் பார்த்தாள். அவர் கருகிய விரிப்பை நான்காக மடித்துக்கொண்டிருந்தார். மடித்து முடித்ததும் மறுபடி பிரித்து மடித்தார். தூ, இவரும் ஓர் ஆண்பிள்ளை!

விளக்கு வைக்கும் நேரத்தில் பெட்டி சந்துக்கு வந்தது. பின்னாலேயே அவளும் வந்தாள். குழாய் சில்லிட்டுக் கிடந்தது. அதன் கீழே காலையில் அவளே ஊற்றிய தண்ணீர் கண்ணாடியாக உறைந்திருந்தது. உட்கார முடியவில்லை. நின்றாள். கால்விரல் ஒவ்வொன்றாக மரத்தது.

எதிர்ப்படியிலிருந்து மூட்டை வெகுநேரம் வெறித்துப் பார்த்தாள். பிறகு எழுந்து வந்து, கோட்டுக்குள் கைவிட்டு ஒரு பிடி பஞ்சை அவள் முகத்தில் எறிந்தாள்.

"ஷூவுக்குள்ள வை. பாவம் பாத்துக் குடுக்கல. நீ இங்க செத்தா போலீஸ் வந்து என்னையும் விரட்டும்."

அவள் குனிந்து பொறுக்கினாள். மூட்டையின் உடம்புச் சூடு பஞ்சில் இன்னும் ஆறவில்லை. அதில் அண்ணன் கடைச் சோப்பு மணந்தது.

"மன்னிச்சிரு" என்றாள்.

"வாயை மூடிட்டு என் படிக்கு வா. அங்க காஞ்சிருக்கு."