துணியில் வளைந்த கோடு

டவர் கிரேனின் உச்சியில், கண்ணாடிக் கூண்டுக்குள் உட்கார்ந்து ஒரு தவளையின் முதுகைத் தைத்துக்கொண்டிருந்தபோதுதான் டெய்லர் அதை முதன்முதலாகக் கவனித்தார். துணியில் ஒரு கோடு வளைந்திருந்தது.

டெய்லர் என்பது கட்டட சைட்டில் வைத்த பட்டப்பெயர். தொழில் கிரேன் ஓட்டுவது. கீழே கம்பியைக் கட்டி முடிக்கும்வரை, பலகையை அடுக்கி முடிக்கும்வரை, மேலே தனியாகக் காத்துக் கிடக்கிற வேலை. நாற்பதைத் தாண்டியதும் ரத்த அழுத்தம் எகிறி, சிகரெட்டை விடச் சொல்லிவிட்டார்கள். அவர் விட்டுவிட்டார், கைதான் விடவில்லை. பேனா மூடியைக் கடித்தது, சட்டைப் பொத்தானைத் திருகித் திருகிப் பிய்த்தது. வெளியூரில் இருக்கும் அக்காதான் ஒரு கிராஸ் ஸ்டிட்ச் பெட்டியை அனுப்பிவைத்தாள். கட்டம் கட்டமாக நெய்த வெள்ளைத் துணி, ஒரு மர வளையம், முனை மழுங்கிய ஊசி, நூல் கற்றைகள், எந்தக் கட்டத்தில் எந்த நிறம் என்று காட்டும் ஒரு படம்.

"கைக்கு வேலை குடுடா, மனசு தானா உக்காரும்" என்றாள் போனில்.

சிரித்துக்கொண்டே பரண்மேல் போட்டவர், மழைக்கு சைட் மூடிய ஒரு நாளில் பொழுது போகாமல் எடுத்தார். குறுக்கே ஒரு தையல், அதன்மேல் எதிர்க்குறுக்கே ஒன்று, பெருக்கல் குறி மாதிரி. அவ்வளவுதான், அடுத்த கட்டம். அரை மணி நேரத்தில் தோள் தளர்ந்தது. தலைக்குள் எந்நேரமும் ஓடிக்கொண்டிருந்த சைட் மேனேஜரின் கத்தல் யாரோ வால்யூமைக் குறைத்ததுபோல அடங்கியது. அன்றிலிருந்து சாப்பாட்டுப் பையோடு துணியும் கிரேன் ஏறியது.

சைட்டில் கேலி செய்தார்கள். வீட்டில் மனைவி, "சட்டைக்குப் பட்டன் தைக்கத் தெரியாத மனுஷன் தவளைக்குக் கண்ணு தைக்கிறாரு பாரு" என்று மகளிடம் சொல்லிச் சிரித்தாள். குடை பிடித்த தவளை மகள் தேர்ந்தெடுத்த படம்.

அந்தத் தவளையின் முதுகில்தான் கோடு வளைந்திருந்தது. வளையத்தில் துணி நழுவிவிட்டது என்று நினைத்துத் திருகாணியைத் தளர்த்தி, இழுத்து, மறுபடி முறுக்கினார். கோடு அப்படியேதான் இருந்தது. கண்ணைக் கசக்கினார். வலது கண்ணை மூடினார். துணி அளவுகோல் வைத்து வரைந்ததுபோல நேராக இருந்தது. இடது கண்ணை மூடினார். நடுவிலிருந்த கட்டங்கள் தண்ணீருக்கடியில் கிடப்பவைபோல நெளிந்தன. நேராகப் பார்க்கும் இடத்தில், விரல் வைத்துத் தேய்த்ததுபோல மங்கலாக ஒரு சாம்பல் பொட்டு.

மெல்லத் தலையைத் தூக்கிக் கிரேனின் இரும்புக் கயிற்றைப் பார்த்தார். அதுவும் வளைந்திருந்தது.

துணியை மடியில் கவிழ்த்து வைத்தார்.

அவருடைய பெரியப்பா கடைசிக் காலத்தில் கண் தெரியாமல் இருந்தவர். வீட்டுக்கு யார் வந்தாலும் முகத்தைத் தடவிப் பார்ப்பார். அந்தக் காய்ந்த விரல்கள் மூக்கிலும் கண்ணிமையிலும் ஊர்ந்தது சின்ன வயதில் அவரை அலற வைத்திருக்கிறது. இப்போது அதே விரல்கள் கூண்டுக்குள் வந்து தன் முகத்தைத் தொட்டதுபோல இருந்தது.

"மாமா, பலகை ரெடி. தூக்கலாமா?"

வாக்கி டாக்கியில் மச்சினன். மனைவியின் ஒரே தம்பி. சைட்டில் அவன்தான் சிக்னல்மேன். சுமைக்குப் பக்கத்தில் நின்று, மேலே இருப்பவருக்குக் கண்ணாக இருந்து, எங்கே இறக்க வேண்டும் என்று சொல்கிறவன். இந்த வேலையை அவனுக்கு வாங்கிக் கொடுத்ததே டெய்லர்தான்.

"தூக்கலாம் மாப்ள" என்றார். குரல் சாதாரணமாகத்தான் வந்தது. அதுவே அவருக்குப் பயமாக இருந்தது.

யாரிடமும் சொல்லவில்லை. தூக்கம் போதவில்லை, அதுதான் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். நாளைக்குச் சரியாகிவிடும். மறுநாள் குளியலறைச் சுவரின் டைல்ஸ் வளைந்தது. அதற்கடுத்த நாள் ஜன்னல் கம்பி வளைந்தது. சாப்பிடும்போது மகளின் முகத்தை ஒற்றைக் கண்ணால் பார்த்தார். மூக்கு இருக்க வேண்டிய இடத்தில் சாம்பல் நிறம்தான் இருந்தது.

"எதுக்குப்பா கண்ணடிக்கிற?" என்று அவள் சிரித்தாள்.

மனசை உட்கார வைத்த துணி இப்போது மனசைக் கிளப்பிவிட்டது. கூண்டுக்குள் ஏறியதும் பையிலிருந்து எடுப்பார். தைப்பதற்கு அல்ல. இடது கண்ணை மூடிக்கொண்டு, எத்தனை கட்டம் நெளிகிறது, நேற்றைவிடக் கூடியிருக்கிறதா என்று பார்ப்பதற்கு. பார்க்கக் கூடாது என்று பைக்குள் திணிப்பார். கொஞ்ச நேரத்தில் கை தானாக எடுக்கும். தவளை பாதி முதுகோடு நின்றுபோயிருந்தது.

"என்ன, தவளைக்கு ஜலதோஷமா? வெளியவே வரக் காணோம்" என்றாள் மனைவி.

"சலிச்சுப் போச்சு" என்றார்.

டாக்டரிடம் போனால் கிரேனிலிருந்து இறக்கிவிடுவார்கள். இறங்கினால் வேறு என்ன தெரியும்? இந்தக் கேள்வியைத் தாண்டி யோசனை ஓடவில்லை. ஒரு கண் நன்றாகத்தானே இருக்கிறது, மச்சினன் சொல்லச் சொல்லத்தானே இறக்குகிறோம் என்று ஏறிக்கொண்டே இருந்தார்.

அன்று காற்று அதிகமில்லை. ஒரு கம்பிக்கட்டை மேல்தளத்தில் இறக்க வேண்டும். தளத்தின் ஓரத்தில் ஆரஞ்சுச் சட்டையும் மஞ்சள் ஹெல்மெட்டுமாக மச்சினன் நிற்பது தெரிந்தது. இருவருக்கும் பழகிப்போன வேலை. "வாங்க மாமா... வாங்க... கொஞ்சம் உள்ள..." அவர் நெம்புகோலை நகர்த்தினார். கம்பிக்கட்டு தளத்திலிருந்து இன்னும் தள்ளியே இருப்பதாகத்தான் அவர் கண்ணுக்குப் பட்டது.

"மெதுவா. மெதுவா மாமா. நிறுத்துங்க! நிறுத்து!"

நெம்புகோலைப் பிடுங்கி இழுத்தார். கிரேன் நின்றது. கம்பிக்கட்டு நிற்கவில்லை; ஊஞ்சல்போல முன்னால் போய், தயங்கி, திரும்பி வந்தது. அவர் பார்த்த இடத்தில் ஆரஞ்சுச் சட்டை இல்லை. சாம்பல் பொட்டு மட்டும் இருந்தது. வலது கண்ணைக் கையால் பொத்தினார். அப்போதும் ஆள் இல்லை. தளத்தின் விளிம்பில் மஞ்சள் ஹெல்மெட் ஒன்று உருண்டு, கவிழ்ந்து, கீழே போனது.

வாக்கி டாக்கியில் இரைச்சல் மட்டும் வந்தது.

"மாப்ள" என்றார். "மாப்ள. டேய். தம்பி."

பதில் இல்லை. மனைவி கதவைத் திறக்கும் முகம் கண்முன் வந்தது. அவளிடம் முதல் வார்த்தையாக என்ன சொல்வது என்று மனசு அந்த நேரத்திலும் தேடியது.

"இருக்கேன் மாமா." குரல் இளைத்தது. "குப்புற விழுந்துட்டேன். தலைய உரசிட்டுப் போச்சு. என்ன மாமா ஆச்சு உங்களுக்கு?"

அவர் அழுதுகொண்டிருந்தார். அழுவது வாக்கி டாக்கியின் பொத்தானை அழுத்திய பிறகுதான் அவருக்கே தெரிந்தது. எல்லோரும் கேட்கும் சேனல் அது.

"என் வலது கண்ணு சரியில்லடா. கோடெல்லாம் வளைஞ்சு தெரியுது. நடுவுல ஒண்ணுமே தெரியல. என்னால முடியாது."

மச்சினன்தான் கேட்டான். "எப்பருந்து?"

"கொஞ்ச நாளா."

கம்பிக்கட்டு இன்னும் அந்தரத்தில் ஆடிக்கொண்டிருந்தது. அதை அப்படியே விட்டுவிட்டு இறங்க முடியாது. வேறு ஆபரேட்டர் அன்றைக்கு சைட்டில் இல்லை. கீழே ஆட்கள் ஓடுவது எறும்புபோலத் தெரிந்தது.

"எல்லாரும் கீழ முற்றத்த விட்டு வெளிய போங்க, கட்ட அங்கதான் இறக்கப்போறோம்" என்றான் மச்சினன். மாமாவிடம் பேசும் குரலே இல்லை அது. "நீங்க எதையும் பாக்க வேணாம். நான் சொல்றத மட்டும் செய்யுங்க. முதல்ல மேல தூக்குங்க. போதும். இப்ப இடது பக்கம் திருப்புங்க. மெதுவா. இன்னும். இன்னும். அப்படியே நில்லுங்க."

டெய்லர் இரண்டு கண்ணையும் திறந்துதான் வைத்திருந்தார். ஆனால் கண்ணை நம்பவில்லை. உள்ளங்கை வியர்வையில் நெம்புகோல் வழுக்கியது, சட்டையில் துடைத்துக்கொண்டார். "இறக்குங்க" என்றால் இறக்கினார், "நில்லுங்க" என்றால் நின்றார். ஒவ்வொரு சொல்லுக்கும் இடையில் இருந்த இடைவெளியில், யாரோ ஒருவன் ஓடாமல் நின்றுவிட்டிருப்பான், அவன்மேல்தான் இது இறங்கிக்கொண்டிருக்கிறது என்றே தோன்றியது.

"தரை தொட்டுருச்சு" என்றது குரல். கயிறு தொய்ந்தது. அவர் எஞ்சினை அணைத்தார்.

ஏணியில் இறங்கினார். எத்தனையோ வருடமாக ஏறி இறங்கிய ஏணி. அன்று ஒவ்வொரு படியையும் காலால் தடவித் தேடினார். கீழே மச்சினன் வெறுந்தலையோடு நின்றான். நெற்றியில் தோல் உரிந்து ரத்தம் கசிந்திருந்தது. அறைவான் என்று நினைத்தார். அவன் தண்ணீர் பாட்டிலை நீட்டினான்.

"எங்க அக்காகிட்ட நீங்களே சொல்லுங்க" என்று சொல்லிவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் போனான்.

மனைவி பேக்கரியில் வேலை முடிந்து அப்போதுதான் வந்திருந்தாள். முழங்கைவரை மாவு. அவர் சொன்னதை நின்றுகொண்டே கேட்டாள். பிறகு, தாழ்ந்த குரலில், "உங்க கண்ணு போனா நான் பாத்துப்பேன். காலத்துக்கும் கையப் புடிச்சுக் கூட்டிட்டுப் போவேன். என் தம்பி போயிருந்தா, உங்க முகத்த நான் எப்படிப் பாப்பேன்?" என்றாள். அவள் கையைக் கழுவப் போனாள். குழாய் வெகுநேரம் ஓடிக்கொண்டே இருந்தது.

ஆனால் காலையில் கண் ஆஸ்பத்திரிக்கு அவருக்கு முன்னால் கிளம்பி நின்றவள் அவள்தான்.

டாக்டர் இளம்பெண். கண்ணில் சொட்டு மருந்து விட்டு, விளக்கடித்துப் பார்த்து, ஒரு அட்டையை நீட்டினாள். அட்டை முழுக்கச் சின்னச் சின்னக் கட்டம், நடுவில் ஒரு புள்ளி.

"ஒரு கண்ண மூடிக்கிட்டு, புள்ளிய மட்டும் பாருங்க. கோடெல்லாம் நேரா இருக்கா?"

அவர் அட்டையையே பார்த்தார். "இது எங்கிட்டயே இருக்கும்மா" என்றார். "துணில."

தையல் விஷயத்தை மனைவிதான் சொன்னாள். டாக்டர் சிரித்தாள். விழித்திரைக்கு அடியில் நீர் கோத்திருக்கிறது என்றாள். தூக்கமின்மை, மன அழுத்தம் இருப்பவர்களுக்கு வருவதுண்டு. பெரும்பாலும் தானாகவே வடிந்துவிடும்.

"வடியலேன்னா?" என்றார் டெய்லர்.

"அப்ப சிகிச்சை பாக்கலாம். முழுசா பழையபடி வரும்னு இப்பவே வாக்குக் குடுக்க மாட்டேன். அதுவரைக்கும் கிரேன் பக்கமே போகாதீங்க. தையல நிறுத்த வேணாம். கண்ண அதுல சோதிச்சுப் பாக்கறத நிறுத்துங்க. அதுக்குத்தான் இந்த அட்டை. காலைல ஒரு தடவ பாத்துட்டு மூடி வச்சிருங்க."

இரண்டு கண்ணையும் திறந்து வைத்துக்கொண்டு தைப்பதற்கு அவர் புதிதாகப் பழக வேண்டியிருந்தது. முதல் சில நாட்கள் தவறான கட்டத்தில் குத்திப் பிரித்தார். பிறகு ஒரு மாலை, மகள் பக்கத்தில் பாடம் படித்துக்கொண்டிருக்க, தவளையின் முதுகு முடிந்து கால் தொடங்கியிருந்ததை அவர் கவனித்தார். அவ்வளவு நேரம் பயப்பட மறந்திருக்கிறார். நினைவு வந்ததும் பயம் திரும்பி வந்து பக்கத்தில் உட்கார்ந்துகொண்டது. ஆனாலும் அடுத்த கட்டத்தைத் தைத்தார்.

நீர் மெதுவாக வடிந்தது. பொட்டு வெளுத்தது. கோடுகள் ஏறக்குறைய நேராயின. ஓரத்தில் ஒரு நெளிவு மட்டும் போகாமல் நின்றது. கிரேனில் ஏற அனுமதி கிடைக்கவில்லை. கம்பெனி அவரைக் கீழே, கம்பியைக் கட்டிக் கொக்கியில் மாட்டுகிற வேலையில் போட்டது. அந்த நாளுக்குப் பிறகு மச்சினன் அவரிடம் ஒரு வார்த்தை பேசியிருக்கவில்லை.

முதல் நாள் கொக்கியை மாட்டிவிட்டுக் கையைக் காட்டினார். மேலே கூண்டில் புது ஆள்; முகம் தெரியவில்லை. கட்டு தரையைவிட்டு எழும்பியது. இத்தனை வருடம் மேலிருந்து பார்த்தவருக்கு அதன் வயிற்றுப் பக்கம் புதிது. கறுப்பாக, வானத்தை மறைத்துக்கொண்டு, தலைக்குமேல் நகர்ந்தது. அந்த ஆளுக்குக் கண் சரியாக இருக்குமா? நேற்றுத் தூங்கியிருப்பானா? கால்கள் மண்ணில் புதைந்ததுபோல அசைய மறுத்தன.

பின்னாலிருந்து ஒரு கை அவர் சட்டையைக் கொத்தாகப் பிடித்து இழுத்தது.

"சுமைக்கு அடியில நிக்கக் கூடாது மாமா" என்றான் மச்சினன். "இப்படி என் பக்கத்துல வந்து நில்லுங்க."

அவர் போய் நின்றார். கட்டு மேல்தளத்தில் இறங்கி முடியும்வரை அவன் பிடித்த சட்டையை விடவில்லை.