எட்டாம் கட்டில் வெயில்

1955ஆம் ஆண்டு பங்குனி மாதம், கமுதிக்குத் தெற்கே ஒரு மிளகாய்க் களத்தில், பால்சாமி என்ற கூலிக்காரரின் தலைக்கு மேல் வெயில் இறங்காமல் நின்றுவிட்டது. அவரைச் சுற்றி எட்டு முழத்துக்கு எந்நேரமும் உச்சி வெயில். ஒன்பதாவது முழத்தில் ஊரின் பொழுது. அந்த வருஷம் வத்தல் விலை பரவாயில்லை, பருத்தி விலைதான் மோசம்.

காரணம் ஊருக்கே தெரியும். பொதுக் களத்தில் காயும் மிளகாய்க்கு வீட்டுக்கு வீடு காவல் முறை உண்டு. ஒருவர் முறை முடிந்தால் அடுத்தவர் வந்து, "எந்திரி, எம் முறை" என்று சொல்லிக் காவல் கம்பை வாங்கிக்கொள்ள வேண்டும். வாங்க ஆள் வராமல் இவர் எழுந்து போகக் கூடாது. அந்தப் பங்குனியில் பால்சாமி கண்ணயர்ந்த நேரம் பார்த்துக் கோடை மழை கொட்டி, ஊர் மிளகாய் மொத்தமும் ஊறி அழுகிப் போனது. கோபத்தில் ஒருவரும் கம்பை வாங்க வரவில்லை. அவரும் கம்பைக் கீழே வைக்கவில்லை, கண்ணை மூடவில்லை. மூன்றாம் நாள் அந்தியில் சூரியன் அவரை விட்டுவிட்டு மற்றவர்களுக்கு மட்டும் மறைந்தது.

ஊர் என்ன செய்திருக்க வேண்டும்? வைத்தியம் பார்த்திருக்க வேண்டும். செய்ததைக் கேளுங்கள்: அவரைச் சுற்றி மிளகாயைப் பரப்பியது! மிளகாய் முடிந்தால் பருத்தி, பருத்தி முடிந்தால் நெல் என்று இரண்டு வருஷம். ஐப்பசி அடைமழையிலும் அந்த எட்டு முழத்தில் ஒரு சொட்டு விழாது. பெரிய நிலக்காரர் மருதுபாண்டி, பால்சாமி உட்காரப் புதுக் கட்டில் ஒன்று செய்து போட்டார். எப்பேர்ப்பட்ட தாராள மனசு! பால்சாமியோ தோல் உரிந்து, காற்றோடு பேசி, காக்காய்களுக்குப் பெயர் வைத்துத் திட்டிக்கொண்டிருந்தார். 1957 மாசியில் மயங்கி விழுந்தார். விழுந்தும் கண் மூடவில்லை, கம்பையும் விடவில்லை. அவர் மனைவி பஞ்சம்மாள் யாரையும் கேட்காமல் அவரை மாட்டு வண்டியில் ஏற்றி, உச்சிப்புளிக்கு அப்பால் கடலோரத்தில் இருந்த பத்துக் கட்டில் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவந்து சேர்த்தாள். வழியில் இருட்டிய ஊர்களில் எல்லாம் விடிந்துவிட்டதென்று சேவல்கள் கூவின.

அங்கேதான் எங்கள் உலகம்மாள் நர்ஸ் இருந்தார். எங்கள் என்று சொல்வதில் எனக்குக் கர்வம் உண்டு, அதை மறைக்கப் போவதில்லை. சென்னையில் மனநோயாளிகளைப் பார்க்கும் நர்ஸ் வேலை கற்றுக்கொண்டு, அங்கேயே இருக்கச் சொன்னவர்களிடம், "எங்க ஊர்லயும் மனுசருக்கு மனசு இருக்கு சார்" என்று சொல்லிவிட்டு ரயிலேறியவர்.

டாக்டர் சலாஹுதீன் நல்லவர், அவசரக்காரர். பால்சாமியைச் சேர்த்ததும் இரண்டு உத்தரவு போட்டார்: கம்பைப் பிடுங்கு, தூக்க ஊசி போடு. உலகம்மாள் அரை நாள் தள்ளி நின்று பார்த்தார். அந்தக் கம்பைப் பால்சாமி காக்காயைத் தவிர வேறு யார் மேலும் ஓங்கவில்லை. "கம்பு இருக்கட்டும் டாக்டர். பக்கத்துக் கட்டிலைத் தள்ளிப் போட்டாப் போதும். முதல்ல தண்ணி, அப்புறம் கஞ்சி, அப்புறம் தோலுக்கு மருந்து. பேச்செல்லாம் அதுக்குப் பிறகு" என்றார். ஊசி போட்டதில் கைகால்தான் படுத்தது. கண்ணும் வெயிலும் அசையவில்லை. டாக்டர் ஊசியைக் கழுவி வைத்துவிட்டு, "நீங்களே பாருங்க சிஸ்டர்" என்று ஒதுங்கிக்கொண்டார்.

வார்டில் இரண்டு பேச்சுக்கு உலகம்மாள் தடை போட்டார். ஒன்று, "எல்லாம் சரியாப் போயிரும்." மற்றது, "ஏன் தூங்க மாட்டேங்குற?" முன்னது பொய், பின்னது போலீஸ் விசாரணை என்பார். தினமும் வேலை முடிந்ததும் ஸ்டூலை எட்டாம் கட்டிலின் வெயிலுக்குள் போட்டு ஒரு மணி நேரம் சும்மா உட்கார்ந்திருப்பார். முதல் வாரம் அவர் கழுத்து கறுத்தது. இரண்டாம் வாரம் மூக்கு உரிந்தது. அப்புறம்தான் உலகம்மாள் வாய் திறந்தார். "எனக்கே இப்படிச் சுடுதே, உங்களுக்கு எப்படிண்ணே இருக்கு?"

இரண்டு வருஷத்தில் பால்சாமியிடம் யாரும் இதைக் கேட்டதில்லை. அவர் கண்ணில் தண்ணீர் வந்தது, வந்த வேகத்தில் காய்ந்தது. அந்த வார்டில் ஒரு நர்ஸ் வந்து இன்னொருவரிடமிருந்து கட்டில் கட்டிலாகப் பொறுப்பை வாங்கிக்கொள்வதை அவர் தினமும் மூன்று வேளை பார்த்துக்கொண்டிருந்தார். இருபத்தோராம் நாள் அவராகவே கேட்டார்: "உங்களை மாத்திவிட ஆள் வருது தாயி. எனக்கு யாரு வருவா?"

"அந்தக் கம்பைப் பத்திச் சொல்லுங்கண்ணே."

சொன்னார். நிலத்துக்குத் தக்கபடி காவல். துண்டு நிலம் வைத்திருந்த பால்சாமி வீட்டுக்கு ஒரு நாள். அதை அடுத்து மருதுபாண்டி வீட்டுக்கு நாலு நாள். அந்த நாலையும் வருஷா வருஷம் பால்சாமியேதான் பார்ப்பார். ஐந்தாம் நாளில்தான் கண் சொருகியது. "அன்னைக்கு எம் முறையே இல்ல தாயி. அய்யா முறை." சொல்லிவிட்டுக் கம்பை நீட்டினார். "நீங்களாச்சும் வாங்கிக்கிடுங்க."

நானாக இருந்தால் வாங்கியிருப்பேன். உலகம்மாள் வாங்கவில்லை. "நான் அந்தக் களத்து ஆளு இல்லண்ணே. இன்னைக்குப் பொய்யா வாங்கிட்டா, நாளைக்கு நான் சொல்றதுல எதை நம்புவீங்க?"

அன்றே டாக்டர் பால்சாமியின் நாடியைப் பிடித்துப் பார்த்து, இந்த வாரத்துக்குள் தூங்காவிட்டால் ஆள் பிழைக்காது என்றார். பஞ்சம்மாள் வாயில் முந்தானையை வைத்துக்கொண்டாள். மறுநாள் மருதுபாண்டியே வில்வண்டியில் வந்து இறங்கினார். "இந்தாம்மா, எங்க ஆளைக் கூட்டிட்டுப் போறேன். களம் பூரா வத்தல் கெடக்கு, மேகம் போட்டிருக்கு."

உலகம்மாள் திட்டவில்லை, கெஞ்சவில்லை. வெயிலுக்குள் கிடந்த தன் ஸ்டூலைக் காட்டினார். "ஒரு மணி நேரம் அவர் பக்கத்துல உக்காருங்கய்யா. அப்புறம் பேசுவோம்." மருதுபாண்டி கால் மணி நேரம் வியர்வையைத் துடைத்தார். அரை மணியில் தலைப்பாகையை அவிழ்த்தார். பிறகு வேறு வேலை இல்லாததால் பால்சாமியைப் பார்த்தார். கம்பைச் சுற்றி உள்ளங்கைத் தோல் வளர்ந்து மூடியிருந்தது.

"ஏலே, அன்னைக்கு யாரு முறை?"

"அய்யா முறைங்க."

டாக்டர் ஏதோ சொல்ல வாயெடுத்தார். உலகம்மாள் அவர் காலை மிதித்தார். அந்த மிதியைப் பற்றி எங்கள் ஊரில் இன்றைக்கும் பெருமையாகப் பேசுவோம். ஒரு மணி நேரம் முடிந்தபோது மருதுபாண்டி எழுந்தார். அவர் வம்சத்தில் ஒருவரும் செய்யாத காரியமாக இரண்டு கையையும் ஏந்தினார்.

"எந்திரி பால்சாமி. எம் முறை."

கம்பு கொஞ்சம் தோலோடு வந்தது. வெயில் கட்டிலை விட்டு எழுந்து மருதுபாண்டியின் தலைக்கு மேல் போய் நின்றது. பால்சாமியின் கண் மூடியது. தூங்கிவிட்டார். நாலு நாள் தூங்கினார். கஞ்சிக்கு மட்டும் எழுப்பினார்கள். மருதுபாண்டி அந்தியில் நடுப்பகலோடு வண்டியேறிப் போனார். நாலு நாளும் களத்தில் தானே நின்று, ஐந்தாம் நாள் அடுத்த வீட்டுக்காரர் கையில் கம்பைக் கொடுத்தார். இப்போதெல்லாம் கம்பு வீடு மாறும்போது வெயிலும் கூடவே மாறுகிறது. பால்சாமிக்கும் ஒரு நாள் வரும். பார்ப்பார், கொடுப்பார், வீட்டுக்குப் போய்ப் படுப்பார்.

அன்றைய வார்டுப் பதிவேட்டில் உலகம்மாள் எழுதியது இது: "எட்டாம் கட்டில், பால்சாமி. மாலை நாலு மணி முதல் தூங்குகிறார். வெயில் முறைக்காரரிடம் ஒப்படைக்கப்பட்டது." அடுத்த டியூட்டிக்கு வந்த முத்தழகு நர்ஸ் அதைப் படித்துவிட்டு, கட்டிலை ஒரு தடவை பார்த்துவிட்டு, வழக்கம்போல் கீழே "பெற்றுக்கொண்டேன்" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார்.