அட்டைக்கு அடியில் இருந்த புள்ளி

தாணுலிங்கத்துக்குப் படித்தவர்கள் மேல் நம்பிக்கை கிடையாது. அதற்குக் காரணமும் உண்டு. இந்தப் பெண்கள் கல்லூரிக்கு வருமுன் பதினோரு வருஷம் ஓர் ஆண்பிள்ளைகள் பள்ளிக்கூடத்தில் பியூனாக இருந்தவர் அவர். இன்ஸ்பெக்டர் வருகிறார் என்றால் முந்தின நாளே வாத்தியார் சீட்டு எழுதுவார்: எந்தப் பையனிடம் என்ன கேட்பேன், அவன் என்ன சொல்ல வேண்டும் என்று. அந்தச் சீட்டுகளை மடித்து மடியில் கட்டிக்கொண்டு வீடு வீடாகக் கொடுத்தது இதே தாணுலிங்கம்தான். இன்ஸ்பெக்டர் மெச்சி எழுதிவிட்டுப் போவார். மெத்தப் படித்த இரண்டு பேர் சேர்ந்து செய்யும் கூத்து அது என்று அவர் அன்றைக்கே தீர்மானம் பண்ணிவிட்டார்.

அவர் படித்தது மூன்றாம் வகுப்பு வரை. ஆனால் கோடு போட்டால் கை சுத்தம். கல்லூரியின் கரும்பலகையில் வெள்ளை வர்ணத்தால் கட்டம் கட்டமாகக் கோடு போட்டது அவர்தான். கணக்கு டீச்சர் லலிதாம்பாள் காலையில் ஒரு காகிதம் கொடுப்பாள். அதில் உள்ள வளைகோட்டைக் கட்டம் எண்ணிப் பலகையில் பெரிதாக வரைய வேண்டியது அவர் வேலை. வரைந்து முடித்ததும், மூன்று என்று எழுதியிருக்கும் இடத்தில் மேலிருந்து கீழாக ஒரு கறுப்பு அட்டையை வைத்து ஆணி அடித்துவிட வேண்டும். அரைக் கட்டம் இந்தப் பக்கம், அரைக் கட்டம் அந்தப் பக்கம் மறையும்.

வகுப்பில் நடப்பதை அவர் வாசல் பக்கத்து ஸ்டூலில் இருந்து எத்தனையோ நாள் பார்த்திருக்கிறார். ஒரு பெண் இடப்பக்கமிருந்து கோட்டின்மேல் விரலை ஓட்டிக்கொண்டு அட்டை வரை வருவாள். இன்னொருத்தி வலப்பக்கமிருந்து வருவாள். வரவர எவ்வளவு உயரம் என்று இரண்டு பேரும் கத்திச் சொல்ல வேண்டும். இரண்டும் ஒரே உயரத்தை நோக்கிப் போனால் அதற்கு லிமிட் என்று பேர்.

"அட்டைக்குப் பின்னாலே என்ன இருக்குன்னு நாம கேக்கலை. கோடு எங்கே போறதுன்னுதான் கேக்கறோம்" என்பாள் லலிதாம்பாள்.

மூடி வைத்துவிட்டுக் கேட்கிறாளாம். தெருவில் சீட்டு வித்தைக்காரனும் அப்படித்தான் மூடி வைக்கிறான். பிள்ளைகளுக்கு முன்கூட்டியே சொல்லிக் கொடுத்திருப்பாள், வேறென்ன?

அந்த வருஷம் மதராஸிலிருந்து பரிசோதகர் வருவதாக இருந்தது. பெண்களுக்குக் கணிதத்தில் பி.ஏ. வகுப்பு எதற்கு, ஏழே ஏழு பேர், அதுவும் உருப்போட்டு ஒப்பிக்கிறவர்கள் என்று யாரோ மேலிடத்துக்கு எழுதிப் போட்டிருந்தார்கள். உண்மைதானா என்று பார்த்து, அப்படியென்றால் வகுப்பை மூடிவிட்டுப் போக அவர் வருகிறார். வகுப்பு மூடினால் லலிதாம்பாளுக்கு வேலை இல்லை. ஏழு பெண்களில் நாலு பேருக்காவது நேரே கல்யாணம்தான். இதெல்லாம் தாணுலிங்கத்துக்கும் தெரியும்.

பரிசோதகர் வரும் அன்று காலை லலிதாம்பாள் காகிதத்தை இரண்டு தரம் சரிபார்த்துக் கொடுத்தாள்.

"தாணுலிங்கம், நன்னா கெட்டியாப் போடும். பின்வரிசைக்கும் தெரியணும்."

"போட்டாப் போச்சு டீச்சரம்மா."

கதவைச் சாத்திக்கொண்டு வரைந்தார். கோடு இடப்பக்கம் இருந்து ஏறி, மூன்றில் நாலு கட்ட உயரத்தைத் தொட்டு, இன்னும் ஏறிப் போனது. அட்டையைக் கையில் எடுத்தவர் நின்றார். இன்றைக்கு இந்தக் கள்ளத்தைப் பிடித்துவிட வேண்டும் என்று தோன்றிவிட்டது. மூன்றுக்கு நேரே கோட்டைத் துணியால் ஒற்றி ஓட்டையாக்கினார். கீழே, ஒரே ஒரு கட்ட உயரத்தில், சாக்குக்கட்டியை அழுத்தித் திருகி ஒரு புள்ளி வைத்தார். அதன்மேல் அட்டையை வைத்து நாலு ஆணி அடித்தார். சொல்லிக் கொடுத்து வந்தவர்கள் நாலு என்பார்கள். அட்டையை எடுத்தால் ஒன்று இருக்கும். அப்போது முகத்தைப் பார்க்கலாம்.

பரிசோதகர் சுந்தரராமன் வந்தார். கோட்டு, தலைப்பாகை, மூக்கின் நுனியில் கண்ணாடி. யாரையும் நம்பாத முகம். தாணுலிங்கத்துக்கு அவரைப் பார்த்ததும் பிடித்துப்போயிற்று.

ராஜபாய் இடப்பக்கம் போனாள். நெய்யாற்றின்கரைப் பக்கத்துக்காரி, குரல் பெரியது. வலப்பக்கம் ஓமனா, பாதி மலையாளத்தில் பேசுகிறவள்.

"மூணு... மூணேகால்... மூணரை" என்று அட்டை ஓரத்தில் நின்றாள் ராஜபாய்.

"அஞ்சு... நாலேமுக்கால்... நாலரை" என்றாள் ஓமனா.

"லிமிட்?" என்று கேட்டாள் லலிதாம்பாள்.

"நாலு" என்றார்கள் ஏழு பேரும்.

"அட்டையை எடுங்கள்" என்றார் பரிசோதகர்.

தாணுலிங்கம் ஆணியைப் பிடுங்கினார். ஓட்டை தெரிந்தது. கீழே புள்ளி தெரிந்தது. லலிதாம்பாளின் முகம் வெளிறிப்போயிற்று.

"மூன்றில் இதன் மதிப்பு ஒன்று. நீங்கள் எல்லோரும் ஒரே குரலில் நாலு என்கிறீர்கள்" என்றார் பரிசோதகர்.

ராஜபாய் பலகையைப் பார்த்தாள். பிறகு, "அது அங்க இருந்தா இருக்கட்டும் சார். புள்ளி தனியா கீழ கெடக்கு. கோடு ரண்டு பக்கமும் நாலுக்குத்தான் போகுது. லிமிட் நாலுதான்" என்றாள்.

"புள்ளியை அழித்துவிட்டால்?"

"அப்பவும் நாலு."

தாணுலிங்கம் பிடுங்கிய ஆணிகளைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். இதை யாரும் சொல்லிக் கொடுத்திருக்க முடியாது. புள்ளி அங்கே இருப்பது அவரைத் தவிர இந்த உலகத்தில் யாருக்கும் தெரியாது.

ஆனால் பரிசோதகர் சிரித்தார். நல்ல சிரிப்பு இல்லை.

"பிரமாதம் அம்மா. புள்ளியைக் கீழே வைப்பது, நான் கேட்பது, இந்தப் பெண் இப்படிப் பதில் சொல்வது. நாடகத்தை நன்றாகத்தான் தயார் பண்ணியிருக்கிறீர்கள்."

"சத்தியமா நான் வைக்கலை சார்" என்றாள் லலிதாம்பாள்.

"பிறகு, சாக்குக்கட்டி தானே நடந்துபோய் வைத்ததா?" அவர் நோட்டுப் புத்தகத்தைத் திறந்து பேனாவின் மூடியைக் கழற்றினார்.

தாணுலிங்கத்துக்கு இன்னும் ஒன்றரை வருஷத்தில் பென்ஷன். பேசாமல் நின்றால் யாருக்கும் தெரியப்போவதில்லை. பியூனை யார் கேட்கப்போகிறார்கள்? பேனா காகிதத்தைத் தொட்டது.

"சார், எழுதாதீங்க. நான்தான் வச்சேன்."

எல்லோரும் திரும்பினார்கள்.

"டீச்சரம்மா தந்த கடலாசுத் தாளுல அது கிடையாது. நானா வச்சது. அவங்களுக்கும் தெரியாது, பிள்ளைகளுக்கும் தெரியாது."

பரிசோதகர் கண்ணாடிக்கு மேலாக அவரைப் பார்த்தார். "இவருக்கும் பாடம் சொல்லிக் கொடுத்தாயிற்றா?"

தாணுலிங்கத்துக்கு வந்ததே கோபம். அறுபது பேர் முன்னால் கள்ளன் என்று சொல்லியிருந்தால்கூட அவ்வளவு வந்திருக்காது.

"எனக்கா? சார், எனக்கு இந்த அம்மாவைக் கண்டாலே நம்பிக்கை கிடையாது கேட்டியளா. பிள்ளையளுக்கு முன்னாடியே சொல்லிக் கொடுத்து உங்கள ஏமாத்தப்போறான்னு நெனச்சு, பிடிச்சுக் காட்டணும்னுதான் வச்சேன். அது சரியாட்டு வரல்ல. அதுக்கு நான் என்ன செய்ய?"

பின்வரிசையில் யாரோ பொத்திக்கொண்டு சிரித்தார்கள். பரிசோதகர் சிரிக்கவில்லை. பேனாவை மூடினார்.

"சரி. எல்லோரும் வெளியே போங்கள். நீங்களுந்தான் அம்மா. ஓய், நீர் உம் இஷ்டப்படி ஒரு கோடு போடும். நான் பார்க்கிறேன்."

தாணுலிங்கம் பலகையைத் துடைத்தார். ஒரு நிமிஷம் யோசித்தார். இடப்பக்கத்துக் கோட்டை மேலே ஏற்றி ஐந்தில் கொண்டு விட்டார். வலப்பக்கத்துக் கோட்டைக் கீழே இறக்கி இரண்டில் விட்டார். நடுவே அட்டையை அடித்தார். ஐந்தும் இரண்டும் எப்படிச் சேரும், பார்த்துவிடலாம்.

பெண்கள் வந்தார்கள். விரல்கள் ஓடின.

"அஞ்சுக்குப் போகுது" என்றாள் ராஜபாய்.

"இது ரண்டுக்கு" என்றாள் ஓமனா. கொஞ்சம் தயங்கி, "அப்போ லிமிட் மூணரை, அல்லே?" என்றாள்.

"மூணரை எங்கேருந்து வந்துச்சுடி?"

"ரண்டினும் நடுவில். அட்டைக்குள்ளே சேர்ந்திருக்கும்."

"அரைக் கட்டத்துக்குள்ள அது அஞ்சிலேருந்து மூணரைக்குக் குதிக்குமா? குரங்கா அது?"

"நீ கண்டோ? அட்டை மூடியல்லே இருக்கு!"

"மூடியிருக்கதுனாலதான் சொல்றேன். வந்த வழியைப் பாத்து சொல்லணும். இந்த வழி அஞ்சு, அந்த வழி ரண்டு. சேரல்ல. லிமிட்டே இல்ல."

"சேராதுன்னு நினக்கு அத்தர நிச்சயமோ?"

இருவரும் பரிசோதகர் இருப்பதையே மறந்துவிட்டார்கள். ஓமனா விரலைத் திரும்ப ஓட்டிப் பார்த்தாள். ராஜபாயின் பக்கம் போய் அதையும் ஓட்டினாள். உதட்டைக் கடித்துக்கொண்டு நின்றவள், "இல்லா. லிமிட் இல்லா" என்றாள் மெதுவாக.

லலிதாம்பாள் சுவரோரம் சேலைத் தலைப்பை முறுக்கிக்கொண்டு நின்றாள்.

பரிசோதகர் எழுந்தார். "அந்த மூன்றரை வந்ததே, அதுதான் எனக்கு வேண்டியிருந்தது" என்றார். "சொல்லிக் கொடுத்து வைத்திருந்தால் அந்தத் தப்பு வந்திருக்காது." அட்டையை எடுத்துப் பார்க்கக்கூட இல்லை. வகுப்பு நடக்கலாம் என்று எழுதிவிட்டுப் போனார்.

மறுநாள் பிரின்ஸிபாலிடமிருந்து தாணுலிங்கத்துக்குத் தாள் வந்தது. பாடப் பலகையில் கை வைத்ததற்கு எழுத்தில் விளக்கம் கேட்டிருந்தார்கள். அவர் அதை வைத்துக்கொண்டு ஸ்டூலில் உட்கார்ந்திருந்தபோது லலிதாம்பாள் வந்தாள்.

"கொண்டாரும். நான் எழுதித் தரேன். நீர் கையெழுத்து மட்டும் போட்டாப் போதும்."

"வேண்டாம் டீச்சரம்மா."

"இன்னமும் என்னை நம்பலையா?"

"நம்புதேன். அதுதான் வேண்டாங்கேன். நீங்க எழுதினா, கை தவறிப் பட்டுட்டு, வயசாச்சு, மன்னிக்கணும்னு நல்லதாட்டு எழுதிருவிய. அப்படி ஒண்ணும் நடக்கல்லியே."

அவள் பேனாவை மட்டும் வைத்துவிட்டுப் போனாள். தாணுலிங்கம் தாளைத் தொடையில் வைத்து எழுதலானார். பழக்கமில்லாத கை, ஒவ்வொரு எழுத்தும் கட்டத்துக்குள் நிற்பதுபோல் தனித்தனியாக நின்றது. 'நான் வேணுமென்று வைத்தேன். டீச்சர் பேரில் சந்தேகப்பட்டேன். அது தப்பு.' அவ்வளவுதான். கீழே பெயரைப் போட்டார்.

அடுத்த வாரம் அவரைப் பலகை வேலையிலிருந்து எடுத்துக் கல்லூரி வாசல் காவலுக்குப் போட்டார்கள்.